பிள்ளைகள் தலையில் பொடுகா, படர்தாமரையா?

கெடா தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் பிள்ளையின் தலையில் வெள்ளைச் செதில் தெரிந்தால் வீட்டில் முதலில் தேடுவது எண்ணெய் போத்தலைத்தான். பிறகு எலுமிச்சை, தயிர், வெந்தயம். எதற்கும் அடங்காவிட்டால் மொட்டை. சில பிள்ளைகளுக்கு இது போதும். வேறு சிலருக்கு இந்த வைத்தியத்திலேயே மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் தலையில் முடி முளைக்காத வட்டம் விழுந்துவிடும்.

பொடுகுக்குக் காரணம் மலாசேசியா என்ற நுண்பூஞ்சை. இது எல்லார் தலையிலும் இருப்பதுதான். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெயைத் தின்று வாழ்கிறது. பிள்ளைகளுக்கு அந்த எண்ணெய்ச் சுரப்பிகள் பருவ வயதை ஒட்டித்தான் விழித்துக்கொள்ளும். ஆகவே இடைநிலைப்பள்ளிப் பிள்ளைக்குப் பொடுகு வருவது இயல்பு. கைக்குழந்தைக்கு மஞ்சளாக அப்பியிருக்கும் செதிலும் இதே வகைதான். எண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவைத்து, மென்மையான துணியால் துடைத்துக் கழுவினால் போதும். ஒரு வயதுக்குள் பெரும்பாலும் தானே போய்விடும். நகத்தால் பெயர்க்கக் கூடாது.

பாலர் பள்ளி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் விஷயம் வேறு. அந்த வயதில் செதிலோடு முடியும் உதிர்ந்தால், பொடுகு என்று நினைப்பதற்கு முன் படர்தாமரையைச் சந்தேகிக்க வேண்டும். மலாயில் 'குராப்' என்பார்களே, அதேதான். இங்கே தலையில் வந்திருக்கிறது. காசு அளவில் வட்டமாகச் செதில், வேரருகே ஒடிந்த முடி அல்லது கறுப்புப் புள்ளிகள், பின்கழுத்தில் நெரிகட்டுதல் ஆகியவை அடையாளங்கள். சீப்பு, துண்டு, தொப்பி, முடிவெட்டும் மெஷின் வழியாகப் பரவும். பிள்ளைகள் தூக்கி விளையாடும் பூனைக்குட்டியிடமிருந்தும் வரும். அம்மா சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்று அக்கம்பக்கத்தில் பேசுவது வீண்பழி.

இதற்கு ஷாம்பு மட்டும் போதாது. பூஞ்சை முடிக்குள்ளும் வேரிலும் இருப்பதால் மொட்டை அடித்தாலும் போகாது. மருத்துவர் செதிலையும் முடியையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். பிறகு கிரிசியோஃபல்வின் போன்ற மருந்தை வாய்வழி தருவார். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம். கிரிசியோஃபல்வினைப் பாலோடு அல்லது கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் நன்றாக உடலில் சேரும். செதில் குறைந்தவுடன் பாதியில் நிறுத்துவதுதான் பலர் செய்வது. நோய் திரும்பி வருவதும் அதனால்தான். 1950களின் கடைசியில் இந்த மருந்து வரும்வரை பல நாடுகளில் பிள்ளைகளின் தலைக்கு எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார்கள். இஸ்ரேலில் அப்படிச் சிகிச்சை பெற்ற ஆயிரக்கணக்கானோரில் பின்னாளில் மூளைக்கட்டியும் தைராய்டு புற்றுநோயும் அதிகம் காணப்பட்டன. இன்று சில வார மருந்தோடு முடிகிற காரியம்.

சீழ் பிடித்துக் கொழகொழவென்று வீங்கினால் அன்றே காட்ட வேண்டும். தாமதித்தால் தழும்பு விழுந்து அந்த இடத்தில் முடி நிரந்தரமாக முளைக்காமல் போகலாம். கடையில் கேட்டு வாங்கும் அரிப்பு கிரீம்களில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சையை மறைத்துவைத்து வளரவிடும்.

வெறும் பொடுகுதான் என்றால் கெட்டோகோனசோல், செலினியம் சல்ஃபைட் அல்லது சிங்க் பைரிதியோன் கலந்த ஷாம்பு உதவும். வாரம் இருமுறை, நுரையை ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். போட்டவுடன் கழுவினால் பலனில்லை. சிறு பிள்ளை என்றால் பார்மசியில் வயதைச் சொல்லிக் கேட்பது நல்லது. எண்ணெய் செதிலை இளக்கும், பொடுகைப் போக்காது. குளிக்குமுன் தடவிக் கழுவிவிடலாம், வழிய வழியத் தடவிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். எலுமிச்சைச் சாறு எரிச்சல் தரும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமே வரும்.

சீப்பால் வாரினால் உதிராமல் முடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது செதில் அல்ல, ஈர். அதற்குப் பேன் மருந்து.

சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் என எங்கிருந்தாலும் அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். போகும்போது வீட்டில் ஏற்கெனவே தடவிய மருந்தையும் எடுத்துச் செல்லுங்கள். தலையில் செதில் உள்ள மற்றப் பிள்ளைகளையும் கூட்டிப் போவது நல்லது. பூனைக்கு முடி கொட்டியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.