கண்டிப் போர்க் கடிதங்களும் திருகோணமலையும்

போர்களின் வரலாறு பெரும்பாலும் அரசாணைகளையும் படைத்தலைவர்தம் அறிக்கைகளையும் கொண்டே எழுதப்படுகின்றது. எத்தனை பேர் புறப்பட்டனர், எத்தனை பேர் மடிந்தனர், எக்கோட்டை எவர் கைப்பட்டது என்பனவற்றை அவை கூறும். பசியும் காய்ச்சலும் அச்சமும் வீட்டு நினைவும் அவற்றில் இடம்பெறா. அவற்றை அறிய விரும்புவோர் போரிடையே எழுதப்பட்ட கடிதங்களையும் நாட்குறிப்புக்களையும் நாடுதல் வேண்டும்.

1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அப்போரில் ஈடுபட்ட இரு தரத்து வீரரும் பெரும்பாலும் எழுத்தறிவுடையோர். பாசறைதோறும் கடிதங்கள் எழுதப்பட்டன. வீடுதோறும் அவை பேணப்பட்டன. தென் கரோலினாவைச் சேர்ந்த மேரி செஸ்நட் என்னும் பெருமாட்டியின் நாட்குறிப்பு 1905இல் அச்சேறி, தோல்வியுற்ற தரப்பாரின் உள்ளத்தை உலகறியச் செய்தது. இத்தகைய சான்றுகள் இலங்கையில் அதே நூற்றாண்டில் நிகழ்ந்த போருக்கும் உளவோ என ஆராயுமிடத்து, கண்டிப் போர் பற்றிய சில எழுத்துக்கள் கண்முன் நிற்கின்றன. அவற்றுட் பல திருகோணமலைத் துறைமுகத்தோடு தொடர்புடையன என்பது இம்மாவட்டத்தார் அறிந்து கொள்ளத்தக்கது.

1803ஆம் ஆண்டுப் போரை ஆங்கிலேயருக்கும் கண்டியரசனுக்கும் இடையே மூண்ட போர் எனக் கூறுவது வழக்கம். அது முழு உண்மையன்று. 1798இல் இராசாதி இராசசிங்கன் மைந்தனின்றி இறந்தபின், முதலமைச்சனான பிலிமத்தலாவை கண்ணுசாமி என்னும் இளைஞனை அரியணையேற்றினான். அவனே சிறீ விக்கிரம இராசசிங்கன். இறந்த மன்னனின் தேவியின் உடன்பிறந்தானாகிய முத்துசாமி தனக்கே உரிமையுண்டெனக் கூறி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். இருவரும் நாயக்கர் குடியினர். புத்தளத்து வணிகரின் பாக்கு கண்டியாராற் பறிக்கப்பட்டமையைக் காரணங்காட்டித் தேசாதிபதி நோர்த் போர் தொடுத்தபோது, முத்துசாமியையும் அரசனாக்க முனைந்தார். எனவே இப்போரின் உள்ளே ஓர் அரசுரிமைப் போரும் இருந்தது. ஆங்கிலேயரின் மலாய்ப் படையிற் கப்டனாயிருந்த நூர்தீனின் உடன்பிறந்தான் ஒருவன் கண்டியரசனின் மலாய்ப் படையிலே பணிபுரிந்தான். உடன்பிறந்தார் இரு பாசறைகளில் நின்ற போரை உள்நாட்டுப் போர் என்பதிற் பெரும் பிழையில்லை.

திருகோணமலை 1795ஆம் ஆண்டு ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பட்டது. எட்டு ஆண்டுகளின் பின், 1803 பெப்ருவரித் தொடக்கத்தில், லெப்ரினன்ற் கேணல் பார்பட் என்பார் இங்கிருந்து ஒரு படையுடன் கண்டி நோக்கிப் புறப்பட்டார். கொழும்பிலிருந்து ஜெனரல் மக்டவல் மற்றொரு படையுடன் சென்றார். அம்மாத முடிவுக்குள் இரு படைகளும் வெறுமையான தலைநகரை அடைந்தன. மன்னனும் மக்களும் மலைகளுக்குட் சென்றுவிட்டனர். முத்துசாமி முடிசூட்டப்பட்டான், ஆனால் அவனைப் பணிய ஒருவரும் வந்திலர். மழையும் காட்டுக் காய்ச்சலும் வந்தன. ஏப்பிரிலில் மக்டவல் பெரும்படையுடன் திரும்பினார். மே மாதத்திற் பார்பட் காய்ச்சலால் இறந்தார். எஞ்சிய காவற்படையின் தலைமை மலாய்ப் படையைச் சேர்ந்த மேஜர் டேவி என்பாரிடம் வந்து சேர்ந்தது.

யூன் 24ஆம் நாள் கண்டிப் படைகள் நகரைத் தாக்கின. படைக்கலங்களோடு திருகோணமலைக்குச் செல்ல இசைவு பெற்று டேவி நகரை ஒப்புவித்தார். நடக்கவியலாத நூற்றுக்கு மேற்பட்ட நோயாளர் கண்டியிலேயே விடப்பட்டனர், அவர்கள் கொல்லப்பட்டனர். மற்றையோர் வத்தப்புளுவையிலே மகாவலி கங்கையைக் கடக்க இயலாது நின்றனர். ஓடமில்லை, ஆற்றிலோ வெள்ளம். அங்கே முத்துசாமியை ஒப்படைக்குமாறு மன்னனின் ஆட்கள் கேட்டனர். டேவி முதலில் மறுத்துப் பின்னர் இணங்கினார். முத்துசாமி கொல்லப்பட்டான். யூன் 26இல் ஆயுதங்களைக் கீழே வைத்த ஆங்கிலேயரும் கொல்லப்பட்டனர். மலாயரிற் பலர் கண்டியரசனின் படையிற் சேர்க்கப்பட்டனர். நூர்தீன் அவ்வாறு சேர மறுத்து உயிர் துறந்தான்.

இச்செய்தியை வெளியுலகிற்குக் கொணர்ந்தவன் 19ஆம் காலாட்படையைச் சேர்ந்த பார்ன்ஸ்லி என்னும் கோப்ரல். கழுத்தில் வெட்டுண்டு, இறந்தவனென விடப்பட்ட அவன், தலையைக் கையால் தாங்கியவாறு ஆற்றைக் கடந்து, திருகோணமலைப் பாதையிலிருந்த மக்டவல் கோட்டையைச் சேர்ந்தான். அங்கிருந்த கப்டன் மாட்ஜ் தம் படையுடன் திருகோணமலைக்குப் பின்வாங்கினார். பார்ன்ஸ்லி பின்னர் அளித்த வாக்குமூலம் இப்போரின் முதன்மையான சான்றுகளுள் ஒன்று. அது கடிதமன்று; நாட்குறிப்புமன்று. அதிகாரி வினவ, வீரன் விடை கூற, எழுத்தன் எழுதியது. வினவப்படாதவற்றுக்கு அதில் இடமில்லை. எனினும் சாதாரணப் போர்வீரன் ஒருவனின் குரல் இப்போரிலிருந்து கிடைப்பது அரிதாகலின் அதன் மதிப்புப் பெரிது.

மேஜர் டேவி கொல்லப்படவில்லை. ஏறக்குறைய 1812 வரை கண்டியிலே சிறையிருந்து மடிந்தார். அக்காலத்தில் அவர் மறைவாக அனுப்பிய கடிதங்கள் சில ஆங்கிலேயர் கைக்கு எட்டின. அவருக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், 1660இல், கொட்டியாரக் குடாவிலே சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ் தப்பிச்சென்று 1681இல் நூலெழுதிப் புகழ்பெற்றார். டேவிக்குத் தப்பும் பேறு வாய்க்கவில்லை. தம் செயலுக்குரிய காரணங்களை விளக்கி நூலெழுதும் வாய்ப்பும் கிட்டவில்லை. கோழையென்றும் அடைக்கலம் புகுந்தவனைக் காட்டிக்கொடுத்தவரென்றும் அவரைப் பழித்தவர் பலர். அச்சிறுகடிதங்களைக் கருத்திற் கொள்ளாது அவருக்குத் தீர்ப்பு வழங்குதல் முறையாகாது. அதேவேளை, முத்துசாமி எழுதிய கடிதம் ஏதும் அவ்விறுதி நாட்களிலிருந்து கிடைத்திலது என்பதும் மறக்கற்பாலதன்று. காட்டிக்கொடுத்தவரின் குரல் சிறிதேனும் எஞ்சியது. காட்டிக்கொடுக்கப்பட்டவனின் குரல் எஞ்சவில்லை.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததொன்று ஒரு கடிதத்தின் சொற்பொருளால் விளைந்தது. பல திசைகளிலிருந்தும் படைகள் புறப்பட்டுக் கண்டியிற் கூடவேண்டுமென 1804 செப்டெம்பரில் ஓர் ஆணை பிறந்தது. பின்னர் அத்திட்டம் மாற்றப்பட்டது. மட்டக்களப்பிலிருந்த கப்டன் ஆதர் ஜோன்ஸ்ரனுக்குச் சென்ற இரண்டாம் கடிதம் முதலாணையைத் தெளிவாக நீக்கவில்லை. அவர் ஏறக்குறைய முந்நூறு வீரரோடு தனியே கண்டியை அடைந்து, பிற படைகளைக் காணாது சில நாள் தங்கி, வழிநெடுகப் போரிட்டு ஒக்டோபரில் திருகோணமலை வந்து சேர்ந்தார். உயிரோடு மீண்டவரும் நோயால் நலிந்திருந்தனர். இவ்வனுபவத்தை அவர் 1810இல் இலண்டனிலே நூலாக வெளியிட்டார். (இவர் தேசவழமை ஆய்வாளர் நன்கறிந்த பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் அல்லர்.) காட்டுப் போரின் இயல்பை நுணுகிக் கூறும் அந்நூல், தம் செயல் ஆணைக்கு மாறானதன்று என நிறுவும் நோக்கமும் உடையது. ஆதலின் அதனைப் படிப்போர் அது சான்றாகவும் வழக்குரையாகவும் அமைந்திருத்தலை உணர்தல் வேண்டும்.

இதே காலத்தில் வன்னியிலும் போர் மூண்டது. 1803 ஆகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அவனை அடக்க யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்றிடங்களிலிருந்தும் படைகள் சென்றன. ஒக்டோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தார் எனக் கச்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல் கூறியது. தமிழ் மக்கள் நெஞ்சில் வீரனாய் வாழும் அவனைப் பற்றிய அக்காலத்து எழுத்துச் சான்று யாது என வினவின், வென்றவர் எழுதிய அறிக்கைகளும் வென்றவர் நாட்டிய கல்லுமே விடையாம். அவன் தன் கூற்றாக ஒரு வரி கூட எஞ்சவில்லை.

நாட்குறிப்பு என்ற பெயருக்கு முழுதும் உரியது ஜோன் டொயிலி எழுதியது. சிங்கள மொழியை நன்கு கற்ற அவ்வலுவலர் 1810 முதல் 1815 வரை எழுதிய குறிப்புக்களைக் கொட்றிங்ரன் 1917இல் பதிப்பித்தார். ஒற்றர், பிக்குமார், சிறுவணிகர், வழிப்போக்கர் ஆகியோர் கண்டியிலிருந்து கொணர்ந்த செய்திகள் அதில் நாள்தோறும் பதியப்பெற்றுள்ளன. 1815இல் கண்டி போரின்றி ஆங்கிலேயர் வசமானதற்கு இச்செய்திகளே வழிவகுத்தன எனலாம். அரசைக் கவிழ்க்கும் நோக்கோடு திரட்டப்பட்டனவாயினும், எளிய மக்களின் பேச்சு எட்டுமளவு இந்நாட்குறிப்பிலேயே எட்டுகின்றது.

இச்சான்றுகள் அனைத்தையும் ஒருங்கு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். கண்டிப் போரின் தனிமனித எழுத்துக்கள் ஏறக்குறைய யாவும் ஒரு பக்கத்தார் எழுதியவை. சிங்களத்தில் ‘இங்கிரிசி ஹட்டன’ என்னும் போர்ப் பாடல் உண்டு. அது மன்னனின் வெற்றியைப் போற்றுவது, தனிமனிதன் நெஞ்சைத் திறப்பதன்று. படைகளுக்கு அரிசிமூட்டையும் வெடிமருந்தும் சுமந்த கூலியாட்கள், பீரங்கி இழுத்த இலஸ்கார்கள், படை சென்ற பாதையோரத்துக் கந்தளாய், மின்னேரியா ஊர்களின் குடிகள் ஆகியோர் ஒருவரும் நாட்குறிப்பு எழுதினாரல்லர். சுமையாட்கள் இரவிலே ஓடிவிட்டனர் என அதிகாரிகள் சினந்து எழுதினர். எதற்கு ஓடினர் என்பதற்கு அவ்வாட்களின் வாய்மொழி இல்லை. ஏன் எழுதவில்லை என அவர்களைக் குறைகூறுதல் தகாது. ஏன் ஒருவரும் கேட்டு எழுதவில்லை என்பதே தக்க வினா.

அமெரிக்கர் இவ்வினாவைக் காலந்தாழ்த்தேனும் எழுப்பினர். அந்நாட்டுப் போரின்போது அடிமைகளாயிருந்த ஏறக்குறைய நாற்பது இலட்சம் மக்களுட் பெரும்பாலோர்க்கு எழுதக் கற்கவும் தடையிருந்தது. ஆதலின் பாசறைக் கடிதங்களின் பெருங்குவியலுள் அவர்தம் குரல் மிகச் சிறிதே. 1936 முதல் 1938 வரை, அரசின் எழுத்தாளர் திட்டமொன்றின் வழியாக, முதுமையுற்ற முன்னாள் அடிமைகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் நினைவுகள் கேட்டு எழுதப்பட்டன. எழுபதாண்டு கடந்தபின் கூறியவையாதலின் மறதியும் வினவியோர் சார்பும் அவற்றிற் கலந்திருத்தல் இயல்பே. எனினும் அவ்வெழுத்துக்களின்றி அம்மக்களின் வரலாறு முழுமை பெற்றிராது.

1803இன் சுமையாட்களைக் கேட்க இனி எவராலும் இயலாது. 2009இல் முடிவுற்ற போரைப் பற்றி அவ்வாறு கூற வேண்டியதில்லை. அப்போரைக் கண்டவர் கொட்டியாரத்திலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் நகரத்திலும் இன்றும் வாழ்கின்றனர். இடம்பெயர்ந்தோர் எழுதிய கடிதங்களும், வெளிநாட்டிலிருந்து வந்த மடல்களும், பழைய பள்ளிக் கொப்பிகளில் எழுதிய நாட்கணக்குகளும் வீடுகளிலே உள்ளன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. ஓரிடத்திற் குவிந்த செல்வம் ஓரிரவில் அழியும் என்பது அதனாற் பெற்ற பாடம். எனவே அத்தாள்களுக்குப் படிகள் எடுக்கப்படல் வேண்டும்; பல இடங்களில் அவை வைக்கப்படல் வேண்டும்; எழுதாதோரை வினவி அவர் கூறுவதைக் கூறியவாறே எழுதிவைத்தல் வேண்டும். தமிழர், சிங்களவர், முசிலிம்கள் ஆகிய மூவினத்தாரும் வாழும் இம்மாவட்டத்தில் மூவரின் தாள்களும் ஒருங்கே பேணப்படுதல் நன்று. ஒருவர் கடிதத்தை மற்றவர் படிக்கும் நிலை தோன்றின், வருங்கால ஆசிரியன் கண்டிப் போரின் வரலாற்றை எழுதுவோன் படும் இடரைப் படான். அப்பணியை இக்கல்லூரி மாணவர் தத்தம் வீட்டு முதியோரிடமிருந்தே தொடங்கலாம்.