இருபொருள் தரும் ஆங்கில அளவுச் சொற்கள்: பவணந்தி காட்டும் வழி

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்று அனுப்பிய லேப் டிப்பை (சாயமிட்ட நிற மாதிரித் துணியை) பார்த்துவிட்டு, 'ஷேடு க்வைட் குட்' என்று பையர் மின்னஞ்சல் எழுதுகிறார் என்று கொள்வோம். எழுதியவர் அமெரிக்கர் என்றால் பெரும்பாலும் அது பாராட்டு. ஆங்கிலேயர் என்றால், 'பரவாயில்லை' என்ற அளவில் அது நின்றுவிடக்கூடும். அதே ஆங்கிலேயர் 'க்வைட் ராங்' என்று எழுதினாலோ, முற்றிலும் தவறு என்று பொருள். 'க்வைட்' என்றால் 'ஓரளவு' என்று மட்டும் மனனம் செய்துவந்த நிறுவனத்தின் மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிப்பவர்) இங்கே தடுமாறுவது அவர் குற்றமன்று. கற்பித்த முறையின் குற்றம்.

'க்வைட்' என்னும் சொல்லுக்கு முழுமைப் பொருளே மூத்தது. 'ஓரளவு' என்பது பின்னால் வந்து சேர்ந்தது. குவர்க் முதலியோர் 1985இல் வெளியிட்ட ஆங்கிலப் பேரிலக்கணம் இதை உச்ச அளவு காட்டுவன, நடுத்தர அளவு காட்டுவன என்னும் இரு வகையிலும் வைக்கிறது. எப்பொருள் எங்கே என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அடுத்து வரும் சொல்லே. 'குட்', 'டார்க்' போன்றவை ஏறி இறங்கும் பண்புகள்; இவற்றோடு 'ஓரளவு' என்னும் பொருள் வரக்கூடும். 'ராங்', 'இம்பாசிபிள்' போன்றவை எல்லையில் நிற்பவை; இவற்றோடு முழுமைப் பொருளே வரும். பேச்சில் அழுத்தமும் சேரும்: பிரிட்டிஷ் வழக்கில் 'க்வைட்' மீது அழுத்தம் விழுந்தால் பாராட்டு குறையும்.

இந்தச் சிக்கலை அணுகும் கருவி நம்மிடமே இருக்கிறது. பவணந்தியாரின் இலக்கண நூலான நன்னூல், மிகுதி என்னும் ஒரு பண்புக்குச் சால, உறு, தவ, நனி, கூர், கழி என ஆறு உரிச்சொற்களைத் தருகிறது. அடுத்த நூற்பாவிலேயே 'கடி' என்னும் ஒரு சொல்லுக்குப் பதின்மூன்று பொருள். மிகுதியும் அவற்றுள் ஒன்று. கடிநகர் என்றால் காவலையும் கடிமலர் என்றால் மணத்தையும் உணர்கிறோம். பொருளைக் காட்டித் தருவது சேர்ந்து நிற்கும் பெயர்தான். உரிச்சொல்லும் ஆங்கில வினையடையும் ஒரே இனமல்ல என்று மறுக்கலாம். மறுப்பு சரியே. நான் ஒப்பிடுவது இனத்தை அல்ல, பொருள் துணியும் முறையை.

கோவைப் பேச்சிலும் இம்முறை உயிரோடு இருக்கிறது. காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர் 'சரியான மழைங்க' என்றால், தவறான மழை எது என்று யாரும் கேட்பதில்லை. மழைக்குச் சரி, தவறு இல்லாததால் சொல் அளவைக் குறிக்கிறது. விடைக்கு அவை உண்டு, எனவே 'சரியான விடை' பழைய பொருளிலேயே தங்குகிறது. 'ஒரே பையன்', 'ஒரே கூட்டம்' என்பனவும் இப்படியே. இந்த இணைகளிலிருந்து பாடத்தைத் தொடங்கினால் மாணவர் 'க்வைட்' என்பதைத் தாமே பிரித்தறிவர் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் 'டூ' (too) என்னும் சொல்லில் தமிழ் நமக்குக் கைகொடுக்காது. 'ரொம்ப நல்லாருக்கு' என்பதிலும் 'சட்டை ரொம்பப் பெருசு' என்பதிலும் வருவது ஒரே 'ரொம்ப'. முன்னது புகழ்ச்சி, பின்னது வேண்டிய அளவைத் தாண்டிய குறை. அதனால்தான் 'டூ குட்' என்று நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆங்கிலத்தில் 'டூ' பெரும்பாலும் அளவு மீறலையே குறிக்கும். நம் பள்ளிகளில் 'டூ'வை நீக்கி, 'சோ', 'தட்' கொண்டு வாக்கியத்தை மாற்றி எழுதும் பயிற்சி நெடுங்காலமாக உண்டு. அம்மாற்றத்தில் 'நாட்' வந்து சேர்வது ஏன் என்பதை மட்டும் ஆசிரியர் நின்று விளக்கினால், 'முடியாத அளவுக்கு' என்னும் பொருள் அங்கேயே விளங்கிவிடும்.