இமைக்குள் இட்ட பொன்

கண்ணுக்குக் காவல் இமை. பினாங்கு மக்கள் ஜெரஜாக் தீவின் பெயரோடு சேர்த்தறிந்த தொழுநோய், முக நரம்பைத் தாக்கும்போது அக்காவல் தளர்கிறது. மூடாத விழி உலர்ந்து புண்ணாகும், பார்வையும் அழியலாம்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்டு, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவரும் கண் மருத்துவரான துணைவியார் மார்கரெட்டும் தொழுநோயர்க்குத் தொண்டாற்றினர். மெல்லும் தசையின் ஒரு பட்டையை நெற்றிப்பொட்டிலிருந்து இமைவரை கொணரும் அறுவை அங்குக் கைக்கொள்ளப்பட்டது. பல்லைக் கடித்தால் இமை மூடும். ஆனால், நோயால் விழியின் உணர்வு குன்றியவர் கடிக்க மறந்துவிடுவார். ஆகவே மருத்துவத்தில் பாதி, பயிற்சியே எனலாம்.

முகவாதத்திற்கு 1958இல் இல்லிக் என்பார் வேறொரு வழியை எழுதினார். ஏறத்தாழ 1 கிராம் பொன்னை மேலிமைத் தோலுக்கடியில் பொருத்துவதே அது. இமையை உயர்த்தும் தசைக்கு நரம்பு வேறு, அது பழுதுறுவதில்லை. அத்தசை தளர்ந்தவுடன் பொன்னின் எடை இமையைத் தாழ்த்திவிடும். பொன் உடலோடு ஒத்துப்போவது; நீரைவிட 19 மடங்கு அடர்த்தியுடையதாதலால் சிறு தகடே போதும். அணிகலனாய் நாமறிந்த பொன்னுக்கு இதனினும் உயர்ந்த பணி ஏது?

எனினும் படுத்தால் அவ்வெடை இமையை மூடாது. இரவில் களிம்பிட்டே விழியைக் காக்க வேண்டும். ஒருபக்க வாதமுற்றோர்க்காக, நலமான பக்கத்தின் அசைவையுணர்ந்து செயலிழந்த பக்கத்தைத் தூண்டும் நுண்மின்கருவிகள் இன்று ஆய்வில் உள்ளன.