கோதிக் கண்ணாடிகள்: ரசம் சொல்லும் வயது

நான் வசிக்கும் அமெரிக்காவில், பழம்பொருள் கடைகளில் 'கோதிக்' என்று சீட்டு ஒட்டிய சுவர்க்கண்ணாடிகளை அடிக்கடி பார்க்கிறேன். மேலே கூம்பி முடியும் வளைவு, அதனுள் மூன்று இதழ், நான்கு இதழ் வடிவத் துளைகள், உச்சியில் மொட்டுப் போன்ற குமிழ். தேவாலய ஜன்னலைப் பெயர்த்துச் சட்டமாக்கியது போலிருக்கும். சென்னை சாந்தோம் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு இவ்வடிவங்கள் புதியவை அல்ல. 1896-ல் கட்டி முடிக்கப்பட்ட அதுவும் கோதிக் மறுமலர்ச்சிப் பாணியில் அமைந்ததே. இத்தகைய கண்ணாடிகளை வாங்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் வரலாறும் கொஞ்சம் வேதியியலும் கைகொடுக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இடைக்காலத்தைச் சேர்ந்த பெரிய கோதிக் சுவர்க்கண்ணாடி என்று எதுவும் கிடையாது. கோதிக் கட்டடக்கலை 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றி 16ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் செழித்தது. அன்றைய கண்ணாடிகள் மெருகேற்றிய உலோகத் தகடுகள், அல்லது சிறிய குவி ஆடிகள். லண்டன் நேஷனல் காலரியில் உள்ள, யான் வான் ஐக் 1434-ல் வரைந்த அர்னொல்ஃபினி ஓவியத்தின் பின்சுவரில் அப்படியொரு குவி ஆடியைக் காணலாம். ஆகவே கடைகளில் கிடைப்பவை எல்லாம் பின்னாளில் அந்தப் பாணியை மீட்டெடுத்தவர்களின் படைப்புகள், அல்லது அவற்றின் நகல்கள்.

மீட்டெடுத்தவர்கள்

லண்டனை அடுத்த ட்விக்கனமில் ஹொரேஸ் வால்போல் 1749 முதல் தன் ஸ்ட்ராபெரி ஹில் இல்லத்தைக் கோதிக் பாணியில் மாற்றிக் கட்டினார். கல்லில் செதுக்க வேண்டிய விதான வேலையைக் காகிதக்கூழில் செய்து, மாடங்களில் கண்ணாடி பதித்தார். 1764-ல் வெளியான அவருடைய 'ஒட்ராண்டோ கோட்டை'யே முதல் கோதிக் நாவலாகக் கருதப்படுகிறது. இலக்கியத்திலும் அறைகலனிலும் இந்த மோகத்தை வளர்த்தவர் ஒரே மனிதர் என்பது சுவையான செய்தி. 1754-ல் வெளியான தாமஸ் சிப்பண்டேலின் வடிவமைப்பு நூலிலும் கோதிக் பாணிக்குத் தனியிடம் உண்டு.

அடுத்த நூற்றாண்டில் வந்த பியூஜின் (1812-1852) இதைக் கொள்கையாகவே ஆக்கினார். 1834-ல் எரிந்துபோன பிரிட்டிஷ் நாடாளுமன்றம் புதிதாக எழுந்தபோது அதன் உள்அலங்காரத்தை வடிவமைத்தவர் அவர். ஒரு பொருளின் கட்டமைப்பு வெளியே தெரிய வேண்டும், ஒட்டுவேலை அலங்காரம் பொய் என்பது அவர் வாதம். நாற்காலி மேசைகளில் தேவாலயக் கோபுர முனைகளை ஒட்டிவைத்தவர்களை 1841-ல் எழுதிய நூலில் கேலி செய்தார். இளம் வயதில் விண்ட்சர் கோட்டைக்குத் தானும் அப்படிச் செய்ததை அதிலேயே ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் டாரிடவுனில், லிண்ட்ஹர்ஸ்ட் மாளிகையை 1838-ல் அலெக்ஸாண்டர் ஜாக்சன் டேவிஸ் இப்பாணியில் வடிவமைத்தார். அதற்கான நாற்காலிகளையும் அவரே வரைந்தார்.

ரசம்

சட்டத்தை யாரும் எந்தக் காலத்திலும் நகலெடுக்கலாம். வயதைச் சொல்வது பின்பக்கம். 'ரசம் போன கண்ணாடி' என்று தமிழில் சொல்கிறோமே, அந்த ரசம் பாதரசம்தான். வெள்ளீயத் தகட்டை விரித்து, மேலே பாதரசத்தை ஊற்றி, அதன்மீது கண்ணாடியை நகர்த்திப் பொருத்தி, பாரம் ஏற்றி, மிகுந்த பாதரசம் வடியும்வரை வாரக்கணக்கில் சாய்த்து வைப்பார்கள். 16ஆம் நூற்றாண்டு வெனிஸில் சிறந்து விளங்கிய இந்த முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது.

அதற்கு விலை கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். ஜெர்மனியின் ஃபூர்த், எர்லாங்கன் ஊர்களின் கண்ணாடிப் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்குக் கைநடுக்கம், வாய்ப்புண், மனக்கலக்கம். மருத்துவர் அடால்ஃப் குஸ்மவுல் 1861-ல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். வேதியியலர் லீபிக் 1835-ல் கண்டறிந்த வெள்ளி பூசும் வினை 1850களில் தொழில்முறையாக வளர்ந்து, மெல்ல மெல்லப் பாதரசத்தை வெளியேற்றியது.

வாங்குமுன்

பாதரசக் கண்ணாடியின் பின்புறம் பெரும்பாலும் வண்ணம் பூசாமல் சாம்பல் நிறத்தில் இருக்கும். பிம்பம் சற்றே மங்கி நீலம் பாரிக்கும். வெள்ளி பூசியதில் காப்பு வண்ணம் இருக்கும். பின்பலகையில் வட்ட ரம்பத்தின் வளைகீறல்கள் தெரிந்தால் அது 18ஆம் நூற்றாண்டுப் பொருளாக இருக்க வாய்ப்பு குறைவு. கூட்டல்குறித் தலையுள்ள பிலிப்ஸ் திருகாணி 1930களில் வந்தது. ஆனால் பழுதுபார்த்தவர் போட்டதாகவும் இருக்கலாம் என்பதால், ஒரே தடயத்தை நம்பிவிடாதீர்கள். பழைய சட்டத்தில் புதுக்கண்ணாடி மாட்டுவதும் சாதாரணம்.

பாதரசக் கண்ணாடி என்று தெரிந்தால் தலைகீழாகத் திருப்பாதீர்கள், பின்புறத்தைச் சுரண்டாதீர்கள், சூடுபடும் இடத்தில் மாட்டாதீர்கள். காலப்போக்கில் பாதரசம் கீழ்விளிம்பில் துளியாகச் சேரக்கூடும். சிந்தினால் வாக்குவம் கிளீனரைப் பயன்படுத்தவே கூடாது, அது ஆவியைப் பரப்பிவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் தயக்கம் இருந்தால் வெள்ளி பூசியதையே வாங்குங்கள்.

புள்ளி விழுந்திருக்கிறதே என்று புதிதாக ரசம் பூசச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் முகம் தெளிவாகத் தெரியும், ஆனால் அதன் வயதுக்கான முக்கியச் சான்று போய்விடும். கைநடுங்கிய யாரோ ஒருவர் பூசிய பூச்சு அது. முகம் பார்க்கப் பத்து டாலர் கண்ணாடி போதும், பழையதை அப்படியே விட்டுவைக்கலாம் என்பதே என் கருத்து.