பாம்பு வேரும் பகுத்தறிவும்

பழமையானது என்பதற்காகவே ஒன்றைப் போற்றிப் பூசிப்போர் ஒருபுறம். பழமையானது என்பதற்காகவே அதனை எள்ளி நகையாடுவோர் மறுபுறம். இருவரும் பகைவர் போலத் தோன்றலாம். ஆயினும் இருவர் செய்வதும் ஒன்றுதான், ஆராயாமல் தீர்ப்பளிக்கின்றனர்! ஆராய்ந்து தீர்ப்பளித்தால் விளையும் பயன் என்ன? அதனைக் காட்ட ஒரு வேரின் வரலாறு போதும்.

சர்ப்பகந்தி என்பது இடுப்புயரம் கூட வளராத சிறு செடி. இமயத்தின் அடிவாரத்திலும், பீகார்ப் பகுதியிலும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளர்வது. அதன் வேர் வளைந்து நெளிந்து பாம்பு போல் இருக்கும். கண்டான் மனிதன், முடிவு கட்டினான்: பாம்பு போன்ற வேர், ஆகவே பாம்புக் கடிக்கு மருந்து! உருவத்தில் ஒற்றுமை இருந்தால் குணத்திலும் தொடர்பு இருக்குமாம். நம்பினோர் பலர், நம்பி மாண்டோர் எத்தனை பேரோ, யார் கணக்கெடுத்தார்? நஞ்சை முறிக்கும் ஊனீர் மருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது, வேரிலிருந்து வரவில்லை.

அதே வேருக்கு மற்றொரு புகழும் இருந்தது. பீகாரில் அதனைப் பித்தர் மருந்து என்றே அழைத்தனர். வெறி கொண்டு அலறுவோரை அது அமைதியாக உறங்க வைக்கும் என்றனர் ஊரார். இதுவும் மூடநம்பிக்கைதானா? கேள்வி எழுந்தது. கேள்விக்கு விடை வாதத்தில் இல்லை, சோதனையில் இருக்கிறது என்று உணர்ந்தவர் சிலர்.

1931-ஆம் ஆண்டு. கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் எனும் இரு மருத்துவர்கள், அந்த வேர் பித்தத்தைத் தணிப்பதோடு இரத்தக் கொதிப்பையும் குறைக்கிறது என்று எழுதினர். அதே ஆண்டில் தில்லியின் திப்பியாக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி, வேரிலிருந்து படிகப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். தம்மை ஊக்குவித்த யூனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவுக்கு ஒரு மாணவன் எழுப்பிய நினைவுச் சின்னம் அது. கல்லால் அன்று, கண்டுபிடிப்பால்! நெஞ்சத் துடிப்பின் ஒழுங்கைச் சீராக்கும் ஆற்றல் அஜ்மலினுக்கு உண்டு என்பது பின்னர்த் தெரிந்தது.

ஆயினும் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், இரத்தக் கொதிப்புற்ற 50 நோயாளிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து, எண்களைப் பட்டியலிட்டு, பிரிட்டனின் இதயநோய் ஏட்டில் வெளியிட்டார். பாட்டி சொன்னாள் என்றபோது கேளாத காதுகள், பட்டியலைக் கண்டதும் திறந்தன! அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ராபர்ட் வில்கின்ஸ் அதனைத் தம் நோயாளிகளிடம் ஆய்ந்தார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவனத்தைச் சேர்ந்த முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவரும் வேரின் முதன்மையான சத்தைத் தனியே பிரித்தனர். ரெசர்பின் என்பது அதன் பெயர். 1956-இல் உட்வர்ட் எனும் வேதியியல் மேதை, செடியின் துணையின்றியே அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினார்.

அந்தச் சத்து செய்வது என்ன? அச்சமோ சினமோ நம்மைத் தாக்கும்போது நரம்பு நுனிகள் நார்-அட்ரினலின் எனும் பொருளைச் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. புலி துரத்தும்போது அது உயிர் காக்கும் ஏற்பாடு. புலி போன பின்னும் கொதிப்பு இறங்காவிட்டால்? இதயத் தசை தடிக்கிறது, குழாய்கள் பழுதாகின்றன. இரத்தக் கொதிப்புக்கு மன உளைச்சல் ஒன்றே காரணம் அன்று. ஆனால் எக்காரணத்தால் வந்தாலும், நீடித்த கொதிப்பு இதயத்தைச் சிதைக்கும். நரம்பு நுனியில் நார்-அட்ரினலினைச் சேமிக்கும் களஞ்சியங்கள் உண்டு. ரெசர்பின் அவற்றை நிரம்ப விடுவதில்லை. களஞ்சியம் காலியாகிறது, குழாய்கள் தளர்கின்றன, கொதிப்பு தணிகிறது.

அழுத்தம் இறங்கினால் உயிர் பிழைக்குமா? அதையும் சோதித்தனர். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் பிரீஸ் தலைமையில் நடந்த ஆய்வு 1967-இல் வெளிவந்தது. கொதிப்பு மிக உயர்ந்திருந்த 143 பேரில், 73 பேருக்கு ரெசர்பின் உள்ளிட்ட மூன்று மருந்துகள் கொடுத்தனர். 70 பேருக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை உண்டவருள் கடுந்தீங்குகள் 27. மருந்து உண்டவருள் 2! இரத்தக் கொதிப்பை அடக்கினால் மனிதனைக் காக்கலாம் என்பதற்கு உலகம் கண்ட உறுதியான சான்றுகளுள் அது முதன்மையானது.

எனவே, எல்லாம் அன்றே எம் முன்னோர் அறிந்தனர் என்று முழக்கமிடலாமா? கூடாது! நார்-அட்ரினலினை முன்னோர் அறியார். அளவறிந்து கொடுக்கும் முறையும் அறியார். மிகுந்த அளவில் ரெசர்பின் உண்ட சிலரை மனச்சோர்வு வாட்டியதாக மருத்துவர்கள் குறித்து வைத்தனர். வேரைத் தோண்டி மென்றால் எவ்வளவு சத்து உள்ளே போகும் என்று எவரும் சொல்ல முடியாது. மேலான மருந்துகள் வந்தபின் ரெசர்பினும் பின்வரிசைக்குப் போயிற்று. அதுவே அறிவியலின் பெருமை. அங்கே அரியணை எவருக்கும் பட்டயம் எழுதிக் கொடுக்கப்படுவதில்லை.

ஒரே வேர், அதன்மேல் இரு நம்பிக்கைகள். இரண்டும் பழமையானவை, இரண்டும் மக்கள் வாயில் வழங்கியவை. ஒன்று பொய்த்தது, மற்றொன்று நிலைத்தது. வயது பிரித்துக் காட்டவில்லை. வாய்ப்பேச்சு பிரித்துக் காட்டவில்லை. சோதனை பிரித்துக் காட்டியது! இளைஞர்களே, நாளை உங்கள் முன் ஒருவர் வேரையோ, வேதத்தையோ, வெளிநாட்டு மாத்திரையையோ நீட்டி, நம்பு என்று சொல்லக்கூடும். வணங்கவும் வேண்டாம், வசைபாடவும் வேண்டாம். ஒன்றே கேளுங்கள்: எத்தனை பேருக்குக் கொடுத்தீர், எத்தனை பேர் பிழைத்தனர், கொடுக்காதவர் கதி என்ன? விடை இருந்தால் ஏற்பீர். இல்லையேல், விடை காணும் பொறுப்பை நீங்களே ஏற்பீர்!