ஷெர்காட்டியில் விழுந்த கல்

1865 ஆகஸ்ட் 25, காலை நேரம். அன்றைய வங்க மாகாணத்தில், இன்றைய பீகாரின் கயா மாவட்டத்தில் உள்ள ஷெர்காட்டி என்னும் ஊரில் வானிலிருந்து ஒரு கல் விழுந்தது. எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. ஆங்கில அதிகாரிகள் ஊர்ப்பெயரை 'ஷெர்காட்டி' எனச் சரியாக எழுதவில்லை. 'ஷெர்கோட்டி' என்றே பதிந்தனர். அந்தப் பிழையான பெயரே இன்று அறிவியலில் ஒரு பாறைக் குடும்பத்தின் பெயர்.

கல் கல்கத்தாவுக்குச் சென்றது. அதன் சில துண்டுகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களை அடைந்தன. 1872இல் வியன்னாவின் கனிமவியலாளர் குஸ்தாவ் செர்மாக் அதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். பெரும்பாலான கல்வகை விண்கற்களில் கடுகுபோன்ற சிறு உருண்டைகள் நிறைந்திருக்கும். இரும்பு நிக்கல் உலோகத் துணுக்குகளும் காணப்படும். இதில் இரண்டும் இல்லை. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறையைப் போலவே அது இருந்தது. பத்தில் ஏழு பங்கு பைராக்சீன். உலோகத்துக்கு மாறாகச் சிறிதளவு மேக்னடைட். எஞ்சியதில் பெரும்பகுதி, கண்ணாடி போல் தெளிந்த ஒரு பொருள்.

அப்பொருள்தான் செர்மாக்கைத் திகைக்க வைத்தது. அதன் வேதியியல் சேர்க்கை ஃபெல்ட்ஸ்பாருடையது. ஆனால் நுண்ணோக்கியில், தளவிளைவுற்ற ஒளியின் கீழ், ஃபெல்ட்ஸ்பார் மின்னுவதுபோல் அது மின்னவில்லை. எப்படித் திருப்பினாலும் இருண்டே கிடந்தது. அதனைப் புதிய கனிமமாகக் கொண்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கனிமவியலாளர் மாஸ்கெலினின் பெயரால் 'மாஸ்கெலினைட்' எனப் பெயரிட்டார். அது தனிக் கனிமமா, உருகி இறுகிய ஃபெல்ட்ஸ்பாரா என்னும் ஐயம் நெடுங்காலம் நீடித்தது. 1963இல் மில்டன், டிகார்லி என்னும் இருவர் வெடிமருந்தால் பாறையை அதிரச் செய்து அதே பொருளை உண்டாக்கிக் காட்டினர். பேரதிர்ச்சியில் படிக ஒழுங்கு குலைந்து, வடிவம் மட்டும் எஞ்சிய ஃபெல்ட்ஸ்பாரே அது. அப்படியானால் இக்கல்லின் மேல் ஏதோ ஒன்று பேரடியாக விழுந்திருக்க வேண்டும். எங்கே?

கல்லின் வயது ஒரு தடயம். பிற விண்கற்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 450 கோடி ஆண்டுப் பழமையானவை. இதுவோ குழம்பிலிருந்து இறுகிச் சுமார் 17 கோடி ஆண்டுகளே ஆகியிருந்தன. சிறுகோள்கள் அதற்கு வெகுமுன்பே ஆறிவிட்டவை; அத்தனை அண்மைக்காலம் வரை எரிமலை கொதித்த இடம் ஒரு கோளாகத்தான் இருக்க முடியும். விடை அண்டார்க்டிகாவில் கிடைத்த, இதே குடும்பத்துக் கல்லொன்றிலிருந்து வந்தது. அதன் கண்ணாடியில் சிறைப்பட்டிருந்த வாயுக்களை 1983இல் போகார்டும் ஜான்சனும் அளந்தனர். 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அங்குள்ள காற்றில் அளந்தவற்றோடு அவை ஒத்திருந்தன. விண்பொருளொன்று மோதியதால் செவ்வாயின் தரையிலிருந்து தெறித்து வந்த கல்லே ஷெர்காட்டியில் விழுந்தது.

விழுந்த நாளுக்கும் இந்த விடைக்கும் இடையே 118 ஆண்டுகள். செர்மாக்குக்குச் செவ்வாய் தெரியாது. தம் கண் கண்டதை அவர் மாற்றாமல் எழுதினார். தமக்கு விளங்காத சொல்லையும் திருத்தாமல் பெயர்த்தெழுதிய ஏட்டுப் படியாளரின் நேர்மை அது. விளக்கங்கள் மாறின, அந்த விவரிப்பு நின்றது. புரியாததைப் பிழையென்று தள்ளாமல் காத்துவைப்பவர்களால்தான், பின்வருவோர்க்குப் படிப்பதற்கு ஏதேனும் எஞ்சுகிறது.