கார்ஸ்ட் நில ஆறுகளில் கரைந்த கார்பன்

சுண்ணாம்புப் பாறை, டோலமைட் போன்ற கார்பனேட் பாறைகள் நீரில் கரைவதால் குகைகளும் குழிகளும் நிலத்தடி ஆறுகளும் உருவான நிலப்பரப்பு கார்ஸ்ட் எனப்படும். அங்கே ஓடும் ஆற்று நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். ஆனால் அதன் ஒரு லிட்டரில் 200 மில்லிகிராமுக்கு மேல் பைகார்பனேட் கரைந்திருப்பது வழக்கம். இந்நீரிலுள்ள கார்பனில் பெரும்பகுதி இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. கரைந்த கார்பன் டை ஆக்சைடும் மட்கிலிருந்து வரும் கரிமச் சேர்மங்களும் அளவில் குறைவு. விளைவில் குறைந்தவை அல்ல.

இந்தக் கார்பனின் பயணம் மண்ணில் தொடங்குகிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 0.04 விழுக்காடுதான். வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிக்கும் மண்ணின் துளைகளிலோ அது பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை கூடுதலாக இருக்கும். அதன் வழியே இறங்கும் மழைநீர் கார்பானிக் அமிலமாகிப் பாறையைக் கரைக்கிறது. ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறும் ஒரு கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்து இரண்டு பைகார்பனேட் அயனிகளைத் தருகின்றன. ஆகவே அந்தக் கார்பனில் பாதி மண்ணிலிருந்தும் பாதி பாறையிலிருந்தும் வந்தது. பல கோடி ஆண்டுப் பழமையான பாறையில் கார்பன்-14 மிஞ்சியிருப்பதில்லை. அதனால் இத்தகைய நீரில் வளர்ந்த செடியையோ நத்தையையோ காலக்கணிப்புக்கு உட்படுத்தினால், உண்மை வயதைவிடச் சில நூறு, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கூடுதலாகக் காட்டும். தொல்லியலாளர் மறக்கக்கூடாத செய்தி இது.

குகை வழிகள் முழுக்க நிரம்பி ஓடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேற இடமில்லை. ஊற்றாக வெளியே வந்ததும் நிலைமை மாறுகிறது. குரோஷியாவின் பிளிட்விட்சே ஏரிகளில் இதைக் கண்ணாலேயே காணலாம். ட்ஸ்ர்னா ரியேக்கா, பியேலா ரியேக்கா என்னும் இரு ஓடைகள் சேர்ந்து ஊட்டும் 16 ஏரிகள் படிக்கட்டு வரிசையில் இறங்கி, கடைசியில் கொரானா ஆறாகின்றன. ஊற்றருகே நீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுதி. சுண்ணப் படிவு இல்லை. அருவி அருவியாக விழும்போது வாயு பறந்துபோகிறது. நீரின் pH 8-ஐத் தாண்டுகிறது. கால்சியம் கார்பனேட் திடமாகப் பிரியத் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் காய்ச்சினால் கேத்தில் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கும் இதே வேதிவினையின் விளைவுதான்.

அருவி விளிம்பில் வளரும் பாசிகளின் இலைகள்மேல் நீர் மெல்லிய படலமாக வழிகிறது. அங்கே ஒட்டியிருக்கும் டயட்டம்களும் பாக்டீரியாக்களும் சுரக்கும் வழவழப்பில் நுண்படிகங்கள் சிக்குகின்றன. பாசியின் அடிப்பகுதி கல்லாக இறுக, நுனி மேலே வளர்ந்துகொண்டே போகிறது. ஏரிகளைத் தேக்கி நிறுத்தும் அணைகள் இப்படி உயிர்கள் கட்டியவை. சாதகமான இடங்களில் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயர்கின்றன. நீரில் கரைந்த கரிமக் கார்பன் கூடினால் இந்தக் கட்டுமானம் நின்றுவிடும். கரிம மூலக்கூறுகள் படிக முகங்களில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தடுப்பதே காரணம். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் படிவு உருவாவதில்லை என்று அங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. 1949-இல் தேசியப் பூங்காவாகவும் 1979-இல் உலக மரபுக் களமாகவும் அறிவிக்கப்பட்ட இவ்விடத்தில் கழிவுநீர் கலவாமல் காப்பது இதனாலேயே இன்றியமையாதது.

படியும் ஒவ்வொரு கால்சியம் கார்பனேட் மூலக்கூறுக்கும் ஒரு கார்பன் டை ஆக்சைடு காற்றுக்குத் திரும்புகிறது. எதிர்த்திசையில் நீர்த்தாவரங்கள் வேலை செய்கின்றன. பகலில் அவை கரைந்த கார்பனை உணவாக்குகின்றன. இரவில் சுவாசித்து வெளியிடுகின்றன. ஒரே இடத்தில் நண்பகலில் எடுத்த நீர் மாதிரியும் நள்ளிரவில் எடுத்ததும் வேறுபடுவது இதனால்தான். சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரவிய தென்மேற்குச் சீனக் கார்ஸ்ட்டில், குறிப்பாகக் குயிலின் நகர ஆய்வாளர்கள், இவ்வாறு உயிர்ப்பொருளாகி வண்டலில் புதையும் பங்கைத் தொடர்ந்து அளந்துவருகின்றனர். அது எவ்வளவு காலம் அங்கேயே தங்கும் என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

பாறையைக் கரைப்பது கார்பானிக் அமிலம் மட்டும் என்று கொள்வது பெரும்பிழை. நிலக்கரிப் புகையால் வரும் அமில மழையிலும், பைரைட் ஆக்சிஜனேற்றத்திலும் கந்தக அமிலம் உருவாகிறது. நைட்ரஜன் உரத்திலிருந்து நைட்ரிக் அமிலம் வருகிறது. இவை கரைக்கும்போது பைகார்பனேட்டில் காற்றின் கார்பன் துளியும் இருக்காது. பாறைக்குள் பூட்டிக்கிடந்த கார்பன் ஆற்றுக்கு வந்து, பின்னர் காற்றையும் சேரக்கூடும். கடலை அடைந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. பவளங்களும் சிப்பிகளும் அந்தப் பைகார்பனேட்டைக் கொண்டே ஓடு கட்டும்போது பாதிக் கார்பன் மீண்டும் வாயுவாகிறது. ஆகையால் பல லட்சம் ஆண்டு அளவில் சுண்ணாம்புப் பாறைச் சிதைவு வளிமண்டலக் கார்பனை நிலையாகக் குறைப்பதில்லை. சிலிக்கேட் பாறைச் சிதைவே அதைச் செய்கிறது. கார்ஸ்ட் ஆற்றின் பைகார்பனேட் அளவை மட்டும் வைத்து அதைக் கார்பன் சேமிப்பாக அறிவிக்கும் மதிப்பீடுகளை, அமிலம் எங்கிருந்து வந்தது, வழியில் எவ்வளவு வாயு வெளியேறியது என்ற இரண்டையும் அளக்காதவரை ஏற்க முடியாது.